முந்தாத வண்டி

அந்த வீட்டில் இரண்டு கார்கள். இரண்டுமே கிழம். மெக்கானிக் சொல்வதுபோல, ஒன்று அறுபது தாண்டிய கிழம், மற்றது நாற்பதை எட்டாத கிழம். "ஆனா மருந்து ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க" என்பான்.

மூத்தது ஐயா வண்டி. ஐயா என்றால் பெரியவருக்கும் சின்னவருக்கும் தகப்பனார்; கோர்ட்டில் வாதாடியவர். தொழிற்சாலை வாசலுக்கே போய், புத்தம் புதிதாக, அவர் கையால் ஓட்டி வந்த வண்டி. கருநீலம். முன்னிருக்கை ஒரே நீளமாக இருக்கும். மூன்று பேர் காலை நீட்டி உட்காரலாம். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். கதவைச் சாத்தினால், கனத்த இரும்புப் பெட்டியை மூடியதுபோல 'தொம்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கிக்கொண்ட காலம் உண்டு.

இளையது சின்னவர் வண்டி. வெள்ளை. எந்தப் பக்கம் பார்த்தாலும் சதுரம். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் சின்னவர் யாரையும் கேட்காமல் வாங்கியது. அது முற்றத்துக்குள் நுழைந்த அன்றே பெரியவர் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்: சோப்பு டப்பா. அதில் காலை வைப்பதில்லை என்று அன்றே ஒரு சொல்லும் சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. சொன்ன சொல் சொன்னபடி நின்றது.

அதனால் அண்ணன் தம்பிக்குள் பகை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், பொதுவாய் ஒரு முற்றம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் பிள்ளைகள் மூன்று; மூன்றும் மூன்று ஊரில். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு வண்டிகளும் முற்றத்துக்கு வரும், இரண்டு வாளிகள் வரும், இரண்டு கிழவர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். தேய்ப்பது பாதி, சண்டை பாதி.

"அண்ணே, உங்க வண்டி லிட்டருக்கு எத்தனை கொடுக்குது?"

"அது கொடுக்கற வண்டி இல்லடா. வாங்கிக்கற வண்டி. ராஜா யாருக்குடா கொடுப்பாரு?"

"ராஜா கிளம்பறதுக்கு நாலு பேர் தள்ளணுமே."

"ராஜான்னா பல்லக்கு தூக்க ஆள் வேணாமா? உன் டப்பா மேல காக்கா உக்காந்தாலே பள்ளம் விழுது."

"காக்கா உக்காந்தாலும் எனக்கு ஒரு சாவித் திருப்புதான். உங்களுது கிளம்பறதுக்குள்ள காக்கா குஞ்சு பொரிச்சுடும்."

சமையலறை ஜன்னலிலிருந்து பெரியவரின் மனைவி எட்டிப் பார்ப்பாள். "ரெண்டு கிழவரும் ரெண்டு கிழட்டு வண்டியைத் தேய்ச்சது போதும். தேய்ச்சா வயசு குறையும்னா சொல்லுங்க, நானும் வந்து வரிசைல நிக்கறேன்."

"அண்ணி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. எது நல்ல வண்டி?"

"உங்க அண்ணன் வண்டி ஏறக் கஷ்டம். உங்க வண்டி இறங்கக் கஷ்டம். எனக்கு இந்தச் சமையக்கட்டே சௌகரியம்."

சொன்னது வேடிக்கைக்கு என்றாலும் அதுதான் சரியான தீர்ப்பு. ஐயா வண்டி தரையிலிருந்து உயரம். முழங்கால் வலிக்காரர்கள் கைப்பிடியைப் பிடித்து எம்பவேண்டும். சின்னவர் வண்டி தாழ்வு. உட்கார்வது என்னவோ விழுவதுபோல எளிது, எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும்.

இத்தனை வேற்றுமைக்கும் மேலே இரண்டு வண்டிகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவர் ஐயா.

வெள்ளை வண்டி வாங்கிய மறுநாள் சின்னவர் அதை ஓட்டிக்கொண்டு வருகிறார். எதிர்பாராமல் முன்னால் ஐயா வண்டி, கோர்ட்டிலிருந்து வீட்டுக்குத் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. இளரத்தம், புது வண்டி. ஹார்னை இரண்டு தட்டுத் தட்டி, கையை அசைத்துக்கொண்டே முந்திப் போய்விட்டார். ஐயா வீட்டுக்கு வந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"முன்னேர் போன வழியிலதான் பின்னேர் போகணும். இந்த வீட்டு வண்டி இந்த வீட்டு வண்டியை ரோட்டுல முந்தக் கூடாது. நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

அந்த வருஷ முடிவில் அவர் இல்லை. நீல வண்டி பெரியவருக்கு வந்தது. சட்டமும் வண்டியோடு வந்தது. அன்றிலிருந்து சின்னவர் எத்தனை அவசரத்தில் இருந்தாலும், முன்னால் அந்த நீல முதுகைக் கண்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கடைத்தெருவில் சிரிப்பார்கள்: "யானை போகுது, பின்னாடியே வாலும் போகுது." சிரிக்கட்டும் என்பார் பெரியவர். எத்தனை வீட்டில் அண்ணன் முகத்துக்கு நேரே தம்பி கதவைச் சாத்துகிறான்! தன் தம்பி ரோட்டில்கூடத் தன்னைத் தாண்டியதில்லை. அந்த எண்ணம் அவருக்கு ஒரு சொத்து.

பெரியவரின் மனைவிக்கு இதயம் வீங்கியிருப்பதாகப் போன வருஷம் சொன்னார்கள். மருத்துவர் சின்ன வயசுக்காரர். பூசி மெழுகாமல் பேசுவார். "மூச்சுத் திணறினா படுக்க வைக்காதீங்க. உக்கார வெச்சு நேரா இங்க கொண்டு வந்துடுங்க. எங்க வண்டியை எதிர்பார்த்தா அது ஆத்தைத் தாண்டி வந்து திரும்பணும். உங்க வீட்டுலதான் ரெண்டு வண்டி இருக்கே."

இரண்டு வண்டி இருக்கே என்று அவர் சொன்னது பெரியவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே மெக்கானிக்கை வரவழைத்து ஐயா வண்டியைக் காட்டினார். அவன் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் கழித்து எடுத்தான்.

"எல்லாம் கல்லு மாதிரி இருக்குங்க. ஒரே ஒரு தொந்தரவு. பெட்ரோலை இழுத்துக் கொடுக்கற பம்ப் எஞ்சினோட ஒட்டியே இருக்கு. வெயில்ல மெதுவா உருட்டிக்கிட்டே போனீங்கன்னா சூட்டுல பெட்ரோல் ஆவியாயிடும். பம்ப் வெறும் காத்தை இழுக்கும். வண்டி நின்னுடும். பின்னாடி டேங்க் பக்கம் கரண்டுல ஓடற பம்ப் ஒண்ணு போட்டுடலாம். அரை நாள் வேலை."

"ஐயா காலத்துல இல்லாததை நீ புதுசா போடாதே."

"ஐயா காலத்துல இந்த வெயிலும் இல்லைங்க."

"வேணாம்னா வேணாம்."

"சரி. அப்போ வண்டில ஒரு ஈரத்துணி வெச்சுக்கங்க. நின்னா பம்ப் மேல சுத்துங்க. பத்து, பதினஞ்சு நிமிஷத்துல தானா எழுந்துக்கும்."

பெரியவர் ஒரு துணியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் பின்பெட்டியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டு, காய்ந்ததும் திரும்ப வைப்பார். ஒழுங்கான மனிதர்.

அது ஒரு திங்கட்கிழமை. மதியம் இரண்டரை மணி. வெயில் முற்றத்துச் சிமெண்டை வறுத்துக்கொண்டிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவப் போன மனைவி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "மூச்சு..." என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பெரியவர் குரல் கொடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னவரும் அவர் மனைவியும் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர் ஐயா வண்டியின் கதவைத் திறந்து பிடித்தார். அவள் காலைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு தரம் தூக்கினாள். கால் படியில் தட்டிக் கீழே விழுந்தது.

"அக்கா, நம்ம வண்டி தாழ்வுதான், அதுல ஏறிடலாம்" என்றாள் ஓரகத்தி. பெரியவரின் மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

வெள்ளை வண்டியில் அவள் உட்கார்ந்தது ஒரு நொடி வேலை. ஓரகத்தி பக்கத்தில் ஏறித் தோளில் சாய்த்துக்கொண்டாள். முன்னிருக்கை காலியாக இருந்தது. சின்னவர் அண்ணனைப் பார்த்தார். பெரியவர் அந்தக் காலி இருக்கையைப் பார்த்தார்.

"நீ பின்னாடி வா. நான் முன்னால போய் வழி பண்றேன். இந்த ஹார்னுக்குத்தான் கடைத்தெரு விலகும்."

பொய்யில்லை. ஐயா வண்டியின் ஹார்ன் எருமைக் குரலில் கத்தியதும் தள்ளுவண்டிகளும் ஸ்கூட்டர்களும் இரண்டு பக்கமும் ஒதுங்கின. முழுக் கடைத்தெருவையும் மூன்றே நிமிஷத்தில் கடந்தார்கள். தம்பி மட்டும் தனியாக வந்திருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும் என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

கடைத்தெரு முடிந்ததும் அகல ரோடு. நாலு கிலோமீட்டர். எதிரில் ஒரு வண்டியும் இல்லை. பெரியவர் நாற்பதைத் தாண்டவில்லை. வேகமாகப் போனால் பின்னால் அவனும் வேகமாக வருவான், அவளுக்குக் குலுங்கும் என்று ஒரு நினைப்பு. அதற்குமேல் அழுத்தினால் ஸ்டியரிங் நடுங்கும் என்பதும் உண்மை. உருண்டைக் கண்ணாடியில் பார்த்தார். வெள்ளை வண்டி அளந்து வைத்ததுபோல அதே தூரத்தில் வந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் ஒதுங்கவில்லை, ஒரு ஹார்ன்கூட அடிக்கவில்லை. இந்த நேரத்திலும் தம்பி நிதானம் தவறவில்லை என்று அவர் நெஞ்சு நிறைந்தது. அப்படி நிறைந்ததை அவர் பிற்பாடு மறக்கவே முடியவில்லை.

ரோட்டின் கடைசியில் ஆறு. ஆற்றின் மேல் பழைய பாலம். ஒரு வண்டி போகும் அகலம்தான். நடுவில் கொஞ்சம் மேடு. மேட்டுக்கு இருபது அடி இருக்கும்போது ஐயா வண்டி ஒரு தரம் செருமியது. இன்னொரு தரம் செருமியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருப்பினார். வெறும் காற்று. பின்னால் வெள்ளை வண்டி. அதற்குப் பின்னால் பால் வண்டி. அதற்கும் பின்னால் ஒரு பஸ். முன்னால் போக வழியில்லை, பின்னால் போகவும் வழியில்லை.

பெரியவர் இறங்கிப் பின்பெட்டியைத் திறந்தார். பாட்டில் இருந்தது, வெயிலில் கொதித்துக்கொண்டு. துணி இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. துணி கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அதற்குள் சின்னவர் ஓடி வந்துவிட்டார். அவர் கையில், அண்ணிக்குக் குடிக்க ஓரகத்தி எடுத்து வந்த குளிர்ந்த தண்ணீர். இருவருமாகத் துண்டைப் பம்பின் மேல் சுற்றி அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"எப்படி இருக்கா?"

"உக்காந்திருக்காங்க அண்ணே."

பால்காரர் இறங்கினார். பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். "அந்தக் காலத்து இரும்பு, லேசுல நகருமா?" என்று ஒருவன் அலுத்துக்கொண்டான். மேட்டில் தள்ளினார்கள், இரண்டு அடி ஏறியது, ஒரு அடி இறங்கியது. ராஜா கிளம்பப் பல்லக்குக்கு ஆள் வேண்டும் என்று தான் சொன்னது பெரியவருக்கு நினைவு வந்தது. வெள்ளை வண்டியின் பின் ஜன்னலில் ஓரகத்தி கையில் ஒரு பத்திரிகையை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் விசிறுவதை நிறுத்திவிட்டு, மெல்ல அதை மடியில் வைத்தாள்.

மேட்டைத் தாண்டியதும் ஐயா வண்டி தானாக இறங்கி, பாலத்தின் அந்தக் கோடியில் ஓரமாய் நின்றது. ஐயாவின் சட்டம் வந்த பிறகு முதல் தடவையாக வெள்ளை வண்டி அதைத் தாண்டிப் போயிற்று.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்த பெரியவரிடம், "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"ரெண்டரை."

மருத்துவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது. பூசி மெழுகாமல் பேசுகிற அந்த மனிதர் அன்று விளக்கை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெரியவர் நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்தவர். தூரத்தையும் நேரத்தையும் அவருக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஐயாவின் பழைய குமாஸ்தாவும் ஒருவர். தொண்ணூறை நெருங்கியவர். ஐயாவோடு அந்த நீல வண்டியில் கட்டுக் கட்டாகக் கேஸ் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு போனவர். கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது கம்பை ஊன்றிக்கொண்டு உரக்கக் கேட்டார்:

"வழில வண்டி நின்னு போச்சாமே? அந்தத் தகர டப்பாவை நம்பியா இந்த வீட்டு மூத்த மருமகளை ஏத்தினீங்க? ஐயா வண்டில ஏத்தியிருந்தா இந்நேரம் இங்க உக்காந்திருப்பாங்களே!"

கூடம் திரும்பிப் பார்த்தது. பெரியவர் வாயைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் நீல வண்டி தெரிந்தது. யாரோ அதை இழுத்துக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதன் கதவில் ஐயாவின் கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்த இடம் ஒன்று உண்டு. பெரியவர் வாயை மூடிக்கொண்டார்.

சின்னவர் அங்கேதான் நின்றிருந்தார். குமாஸ்தாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அதோடு சரி.

ஒரு வாய் திறக்காததால் ஊர் வாய் திறந்துகொண்டது. மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள்கூட, "அந்த வண்டியைத் தொலைச்சுக் கட்டுங்க சார், ஒரு உயிரையே குடிச்சிடுச்சே" என்று சின்னவரிடம் சொன்னார்கள். "பார்க்கலாம்" என்றார் சின்னவர். நாளைக்குக் குமாஸ்தாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவர் தினமும் நினைத்தார். ஐயா வண்டி நடுப்பாலத்தில் படுத்துக்கொண்டது என்று எந்த வாயால் சொல்வது? நாளைகள் போயின.

இரண்டாவது வாரம் ஒரு காலை. அவருக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்த ஓரகத்தி, போகாமல் நின்றாள். சாதாரணமாக அவர் எதிரில் அதிகம் பேசமாட்டாள்.

"சொல்லக் கூடாதுன்னு அவர் சொல்லியிருக்காரு, மாமா. ஆனா எனக்கு நெஞ்சுல நிக்குது. அக்கா வண்டில ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாங்க. அந்த அகல ரோட்டுல போகும்போது. 'முந்திப் போங்க தம்பி'ன்னாங்க."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவன் என்ன சொன்னான்?"

"'பாலம் தாண்டட்டும் அண்ணி'ன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் அக்கா கேக்கலை. அவங்களுக்கும் தெரியும்தானே, இந்த வீட்டு வழக்கம்."

அவள் போய்விட்டாள். தேநீர் ஆறி ஏடு படிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்துக்கு ஒரே ஒரு வாளி வந்தது. சின்னவர் தன் வண்டியைக் கழுவி முடித்துவிட்டு, கேட்காமலே ஐயா வண்டியையும் கழுவினார். பெரியவர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவைப் பற்றியும் காக்காவைப் பற்றியும் ஒருவரும் பேசவில்லை.

மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரியில் மரணச் சான்றுக்கு ஒரு தாள் வாங்க வேண்டியிருந்தது. கையெழுத்து வைக்க இருவரும் வரவேண்டும் என்றார்கள். பெரியவர் ஐயா வண்டியை எடுத்தார். வெள்ளை வண்டி பின்னால் வந்தது. கடைத்தெரு முடிந்தது. அகல ரோடு தொடங்கியது. உருண்டைக் கண்ணாடியில் அதே தூரத்தில் அதே வண்டி.

பெரியவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, போ என்று முன்னால் வீசிக் காட்டினார். வெள்ளை வண்டியும் வேகத்தைக் குறைத்தது. இன்னும் குறைத்தார், அதுவும் குறைத்தது. கடைசியில் ஓரமாய் நிறுத்திவிட்டார். பத்தடி பின்னால் அதுவும் நின்றது.

இறங்கி நடந்துபோய்த் தம்பியின் ஜன்னலோரம் நின்றார். உச்சி வெயில்.

"முன்னால போடா."

சின்னவர் எஞ்சினை அணைத்தார்.

"நான்தான் சொல்றேன். மூத்தவன் சொல்றேன். முந்திப் போ."

சின்னவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இப்ப எதுக்குண்ணே?"

பெரியவருக்கு, குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டியதை இவனிடமாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்தது. வந்தது அங்கேயே நின்றது. திரும்பி நடந்து, தன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். நின்ற சூட்டில் அது செருமியது, காற்றைத்தான் இழுத்தது.

பின்னால் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது, பிஸ்கட் டின்னைத் தட்டியதுபோல. சின்னவர் வந்தார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், மறு கையில் நாலாக மடித்த துணி. இப்போதெல்லாம் அவர் வண்டியில் அது இரண்டும் எப்போதும் இருக்கிறது போலும். அண்ணனைப் பார்க்காமலே மூடியைத் தூக்கி, துணியை நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினார். பிறகு போய்த் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

பதினைந்து நிமிஷம் ஆகும். அகல ரோடுதான், ஸ்கூட்டர்களும் லாரிகளும் பால் வண்டியும் இருவரையும் முந்திக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன.